ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு பின் நம்பர் பாடம்

"வலுவான பாஸ்வேர்டு வையுங்கள்" என்று எத்தனை முறை சொன்னாலும் பிள்ளைகள் காதில் ஏறுவதில்லை. அவர்கள் கையால் பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதிய நிரலே ஒரு பின் நம்பரை உடைத்துக் காட்டட்டும், விளக்கமே தேவைப்படாது. அதனால்தான் கோடிங்கையும் பாதுகாப்பையும் தனித்தனிப் பாடமாகப் பிரிக்கக் கூடாது என்கிறேன்.

இரண்டு பீரியடும் பைத்தான் ஏற்றிய கணினியும் போதும், இணையம் வேண்டாம். நான்கு இலக்க ரகசிய எண்ணை இன்புட்டாக வாங்க வேண்டும். ஃபார் லூப், அதாவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளை, 0 முதல் 9999 வரை ஓடி ஒவ்வொன்றையும் அதோடு ஒப்பிடும். பொருந்தியதும் விடையைத் திரையில் காட்ட பிரிண்ட், லூப்பை நிறுத்த பிரேக். வீட்டு ஏடிஎம் பின்னை யாரும் தட்டக் கூடாது என்று முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். பக்கத்து பெஞ்ச் பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.

முதல் தடவை பெரும்பாலும் லூப் ஓடி முடியும், விடை வராது. பிழைச் செய்தியும் இருக்காது. இன்புட் தருவது ஸ்ட்ரிங், அதாவது குறிகளின் வரிசை; லூப் தருவது எண்; பைத்தானுக்கு இரண்டும் வேறு வேறு. உடனே இன்புட்டை இன்ட், அதாவது முழு எண், ஆக்குவார்கள். விடை வரும், ஆனால் 0427 என்று கொடுத்தது 427 ஆகியிருக்கும். லூப் எண்ணை ஸ்ட்ரிங்காக்கி, முன்னால் பூஜ்யம் சேர்த்து நான்கு இலக்கமாக்கும் இசட்ஃபில்(4) போடுவதே சரி. இங்கே அவசரப்படாதீர்கள். பின் நம்பர் கூட்டிக் கழிக்கும் எண் அல்ல, நான்கு குறிகளின் வரிசை. சென்னையின் எஸ்டிடி கோடு 044-ஐ எண்ணாக்கினால் என்ன ஆகும் என்று கேளுங்கள், புரிந்துவிடும்.

முயன்று பார்க்கும் ஒவ்வொரு எண்ணையும் காட்ட லூப்புக்குள் இன்னொரு பிரிண்ட் இருந்தால் திரையில் எழுதுவதிலேயே நேரம் போகும். அதை எடுத்துவிட்டால் கண் இமைப்பதற்குள் விடை. இரண்டு விதமாகவும் ஓட்டச் சொல்லுங்கள்.

பிறகு பலகைக்கு வாருங்கள். பாஸ்வேர்டில் ஆங்கிலச் சிறிய எழுத்து மட்டும் எட்டு என்றால் எட்டு 26-களை ஒன்றோடொன்று பெருக்க வேண்டும்: சுமார் 20,882 கோடி. விநாடிக்கு ஒரு கோடி முயற்சி என்று வைத்தால், எல்லாவற்றையும் முயன்றுபார்க்க ஆறு மணி நேரம்கூட ஆகாது. அதே வேகத்தில் பன்னிரண்டு எழுத்துக்கு 300 ஆண்டுகளுக்கு மேல். இந்தக் கணக்கை அவர்களே போடட்டும். நான்கே எழுத்து கூடியதற்கு இவ்வளவா என்று திரும்பவும் போட்டுப் பார்ப்பார்கள்.

பிறர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 66சி-யின்படி மூன்று ஆண்டு வரை சிறை என்பதையும் இதே பீரியடில் சொல்லியாக வேண்டும்.

இரண்டாம் பீரியடில் பூட்டு. மூன்று தவறான முயற்சிக்குப் பின் நிரல் நிற்க வேண்டும். 10,000-ல் மூன்று வாய்ப்பு என்பது ஒன்றுமில்லை. பின் நம்பர் பிறந்த தேதியும் மாதமும் என்று திருடனுக்குத் தெரிந்தால் மட்டும் அது 366-ல் மூன்று ஆகிவிடும். பூட்டு எழுதும்போது பலரும் முயற்சியை எண்ணும் மாறியை லூப்புக்குள்ளேயே 0 என்று வைத்துவிட்டு, பூட்டு விழவில்லையே என்று கை தூக்குவார்கள். நீங்கள் திருத்தாதீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் அதன் மதிப்பைப் பிரிண்ட் செய்யச் சொல்லுங்கள். 1, 1, 1 என்று வருவதைப் பார்த்து அவர்களே அந்த வரியை மேலே தூக்கி வைப்பார்கள்.