எரிந்த சரிவுக்கு ஒரு போர்வை

தீ அணைந்து, வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த நிம்மதி ஒரு வாரம்கூட நிற்கவில்லை. பின்பக்கத்துச் சரிவு, ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர், முழுக்கக் கருகிக் கிடந்தது. இடுப்பளவு புதர் மண்டியிருந்த இடத்தில் சாம்பலும், கறுத்த குச்சிகளும், அங்கங்கே பாதி வெந்த மரங்களும்தான் மிச்சம். மழைக்காலம் தொடங்க ஏழு வாரம் இருந்தது. பக்கத்து நிலத்துப் பெரியவர் வேலியருகே நின்று பார்த்துவிட்டு ஒரே வரியில் சொன்னார்: “தீ உங்க வீட்டை விட்டுடுச்சு தம்பி. தண்ணி விடாது, பாத்துக்கோங்க.”

நான் முதலில் செய்த வேலை தப்பான வேலை. சரிவு அசிங்கமாக இருக்கிறதே என்று சாம்பலை வாரிக் குவித்தேன், எரிந்த அடிக்கட்டைகளைக் கடப்பாரை போட்டு நெம்பி எடுத்தேன். இரண்டு நாள் இப்படிப் போனது. மூன்றாம் நாள் பெரியவர் வந்து தடுத்தார். “வேரைப் பிடுங்காதீங்க. செத்த வேரானாலும் இப்போதைக்கு மண்ணைப் பிடிச்சிருக்கிறது அதுதான்.” அவர் சொன்னது சரி. தண்டு எரிந்தாலும் கீழே வேர்வலை அப்படியே இருக்கிறது. அது மக்கி வலுவிழக்கச் சில ஆண்டுகள் ஆகும். வெட்டவேண்டுமென்றால் தரையோடு வெட்டலாம், பிடுங்கக்கூடாது. நான் பிடுங்கிய ஏழெட்டுக் குழிகளும் பிறகு மழையில் முதலில் கரைந்தன என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அன்று அவர் இன்னொன்றும் செய்து காட்டினார். சாம்பலை விலக்கிவிட்டு வெறும் மண்மேல் பாட்டிலிலிருந்து நாலு சொட்டுத் தண்ணீர் விட்டார். அது மண்ணுக்குள் போகவில்லை. தாமரை இலைமேல் நிற்பதுபோல உருண்டு நின்றது. மேல்மண்ணைக் கொஞ்சம் சுரண்டிவிட்டு இரண்டு விரல் ஆழத்தில் மறுபடி விட்டார், அங்கேயும் அப்படியே. ஐந்து நொடிக்குமேல் சொட்டு உருண்டையாகவே நின்றால் அந்த மண் தண்ணீரை ஒதுக்குகிறது என்று கணக்கு. எங்கள் மண்ணில் நான் ஒரு நிமிஷம் வரை எண்ணிவிட்டு எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

காரணம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். இலைதழைகளில் இருக்கும் மெழுகு போன்ற பொருள்கள் தீயின் சூட்டில் ஆவியாகி, கொஞ்சம் மண்ணுக்குள் இறங்கி, குளிர்ந்த துகள்கள்மேல் படிந்துவிடுகின்றன. சில சென்டிமீட்டர் ஆழத்தில் எண்ணெய் பூசியதுபோல ஒரு அடுக்கு உண்டாகிறது. மழைநீர் மேல்மண்ணை நனைத்துவிட்டு அந்த அடுக்கில் முட்டி நிற்கும். அப்புறம் மேல்மண்ணைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கும். வேடிக்கை என்னவென்றால், மிக மோசமாக எரிந்த இடத்தில் இது மேலே இல்லாமலும் போகலாம், ஏனென்றால் சூடு மிகவும் அதிகமானால் அந்தப் பொருளே எரிந்துவிடும். அதனால் ஒரே இடத்தில் சொட்டு விட்டுப் பார்த்துவிட்டு முடிவு கட்டக்கூடாது. நான் இருபது இடத்தில் பார்த்தேன்; பாதிக்குமேல் தண்ணீர் உள்ளே போகவில்லை.

சரிவில் நடப்பதிலும் கவனம் வேண்டியிருந்தது. அடிக்கட்டை உள்ளுக்குள்ளேயே எரிந்து, மேலே மெல்லிய மண் மட்டும் மூடியிருக்கும் குழிகள் உண்டு. ஒன்றில் என் கால் முழங்கால் வரை போனது. நல்லவேளை, ஆறியிருந்தது. சில குழிகளில் பல நாள் கழித்தும் கங்கு இருக்கும். சாம்பல் காரத்தன்மை உள்ளது. ஈரத்தோடு தோலில் பட்டால் எரியும். முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் யாரையும் மேலே விடவில்லை. அடிப்பக்கம் வெந்து நின்ற மரங்களை ஆள் வைத்து முதலில் சாய்த்துவிட்டோம். காற்றடித்தால் எந்தப் பக்கம் விழும் என்று சொல்லமுடியாத மரத்தின்கீழ் மண்வெட்டியோடு நிற்க எனக்குத் தைரியமில்லை.

சாய்த்த மரங்களை என்ன செய்வது? அங்கேதான் எனக்கு உற்சாகம் பிறந்தது. ஒரு சாண் குறுக்களவு உள்ள கட்டைகளைச் சரிவுக்குக் குறுக்கே படுக்க வைத்தால், ஓடிவரும் தண்ணீர் அதில் தங்கி, வண்டலை விட்டுவிட்டு மெதுவாக இறங்கும். படத்தில் பார்க்க அழகாக இருக்கும். முதல் மூன்று கட்டைகளைக் கண்மதிப்பில் வைத்தேன். “மட்டமாத்தான் இருக்கு” என்று என் மனைவியிடம் சொன்னேன். அவள் ரசமட்டத்தை எடுத்துவந்து வைத்துப் பார்த்தாள். மூன்றும் ஒருபக்கம் சாய்ந்திருந்தன. சரிவில் நிற்கும்போது கண் ஏமாற்றும். அவற்றை எடுத்து மறுபடி வைக்க எனக்குச் சோம்பல். விட்டுவிட்டேன். இந்த மூன்று கட்டைகள் பின்னாலும் வரும்.

மற்றவற்றுக்கு ஒழுங்காக வேலை செய்தோம். ஒரே நீளமுள்ள இரண்டு கம்புகளை மேலே சேர்த்துக் கட்டி, நடுவில் குறுக்குக் கம்பு ஒன்று வைத்து, உச்சியிலிருந்து கயிற்றில் ஒரு கல்லைத் தொங்கவிட்டோம். கம்பின் இரண்டு காலையும் தரையில் ஊன்றி, கயிறு குறுக்குக் கம்பில் படும் இடத்தில் ஒரு கோடு. கால்களை அதே இடங்களில் மாற்றி ஊன்றி இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவே மூன்றாவது கோடு போட்டால் அதுதான் மட்டம். பிறகு ஒரு காலை ஊன்றி, மறு காலை மேலும் கீழும் நகர்த்தி, கயிறு நடுக்கோட்டில் நிற்கும் இடத்தில் ஒரு குச்சி நட்டு, அப்படியே நடந்துபோனால் சரிவின் குறுக்கே சம உயரக் கோடு கிடைத்துவிடும். அது நேர்கோடாக இருக்காது. சரிவோடு வளைந்து வளைந்து போகும். அதன்மேல் கட்டையின் மூன்றில் ஒரு பங்கு புதையும் அளவு பள்ளம் தோண்டி, கட்டையை உட்காரவைத்து, மேல்பக்கம் மண்ணைத் தள்ளி மிதித்து இறுக்கவேண்டும். அடியில் ஒரு விரல் போகும் சந்து இருந்தாலும் தண்ணீர் அதைக் கண்டுபிடித்துவிடும். கீழ்ப்பக்கம் முளைக்குச்சி அடித்து, இரண்டு முனைகளையும் கொஞ்சம் மேல்நோக்கி மண்ணால் அணைகட்டினோம். மேல் வரிசையின் இடைவெளிக்கு நேர்கீழே அடுத்த வரிசையின் கட்டை வரும்படி, செங்கல் அடுக்குவதுபோல. இப்படி இருபத்தாறு கட்டைகள். இரண்டு வாரம் முழுசாக இதிலேயே போய்விட்டது.

மழைக்கு மூன்று வாரம் இருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது: கட்டைகளுக்கு நடுவில் இருக்கும் மண் முழுக்க வெறுமனே கிடக்கிறது. பெரிய மழைத்துளி நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் வந்து விழுகிறது. வெறும் மண்ணில் அது சிறு குண்டு வெடிப்பதுபோல. துகள்கள் தெறித்து, நுண்துளைகள் அடைபட்டு, மேலே ஒரு பொருக்குக் கட்டிவிடும். கட்டை என்னதான் தடுத்தாலும் அது ஓடிவரும் மண்ணைத்தான் தடுக்கிறது. மண் கிளம்புவதைத் தடுப்பது மூடாக்குதான், அதாவது மண்மேல் வைக்கோல் மாதிரி எதையாவது பரப்பி மூடுவது. சாம்பல் அள்ளிய இரண்டு நாளையும் கட்டை அடுக்கிய இரண்டு வாரத்தில் பாதியையும் இதற்குக் கொடுத்திருக்கவேண்டும்.

வைக்கோல் வாங்கிப் பரப்பினோம். ஏக்கருக்கு ஒரு டன் அளவு. எடுத்தவுடன் மெத்தை மாதிரி தடிமனாகப் போடத்தான் கை போகும். அப்படிப் போட்டால் கீழே இருக்கும் விதைகள் முளைக்காது. மேலிருந்து பார்த்தால் பத்தில் ஆறேழு பங்கு மூடியிருக்கவேண்டும், இடையிடையே மண் கொஞ்சம் தெரியவேண்டும், அதுதான் அளவு. வைக்கோல் வாங்கும்போது களைவிதை இல்லாததாகப் பார்த்து வாங்கவேண்டும். தீவனப் புல்கட்டு மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கினால் புதுக் களைகளைக் காசு கொடுத்து விதைத்த மாதிரி. உச்சிப் பகுதியில் காற்று வைக்கோலைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. அங்கே எரிந்த கிளைகளையே நறுக்கி, மரச்சீவலாக்கிப் போட்டோம். அது கனம், நகரவில்லை.

நண்பர் ஒருவர், எல்லாவற்றையும் பெரிய தார்ப்பாயால் மூடிவிடலாமே என்றார். மழைக்கு முந்தின பதற்றத்தில் எனக்கும் அந்த ஆசை வந்தது. ஆனால் பிளாஸ்டிக்கில் ஒரு சொட்டும் உள்ளே போகாது. விழுந்த மழை மொத்தமும் ஒரே மூச்சில் கீழ் விளிம்புக்கு வந்து அங்கே குழி பறிக்கும். கீழே முளைக்கப் பார்க்கும் செடிகளும் வெந்துவிடும். வேண்டாம் என்று விட்டோம்.

வீட்டை ஒட்டிய கீழ்ப்பகுதி செங்குத்தானது. அங்கே வலையில் அடைத்த வைக்கோல் உருளைகளை வைத்தோம். முறை கட்டைக்குச் சொன்னதேதான்: நாலு விரல் ஆழப் பள்ளம், ஒரு மீட்டருக்கு ஒரு முளை, முனைகள் ஒன்றோடொன்று நெருக்கி. தரைமேல் சும்மா வைத்த உருளையின் அடியில் தண்ணீர் புகுந்து போகும். சரிவின் நடுவே ஏற்கெனவே இருந்த சிறு ஓடையில் கல் தடுப்புகள் ஐந்து கட்டினோம், நடுப்பகுதி இரண்டு கரையையும்விடத் தாழ்வாக இருக்கும்படி. இல்லையென்றால் தண்ணீர் நடுவில் வழியாமல் ஓரத்தைச் சுற்றிக் கரையை அறுத்துவிடும். மேல் தடுப்பின் அடிமட்டமும் கீழ்த் தடுப்பின் தலைமட்டமும் ஒரே உயரத்தில் வரும்படி இடைவெளி விட்டோம்.

கடைசியாகச் செய்த வேலையை முதலில் செய்திருக்கவேண்டும். சரிவின் தலைப்பில் ஒரு மண்பாதை போகிறது. அதில் விழும் தண்ணீர் ஒரு மூலையில் சேர்ந்து நேராக எங்கள் சரிவில் கொட்டுகிறது. அதைக் கவனிக்காமல் கீழே என்ன செய்தும் என்ன பயன்? பாதையின் குறுக்கே இரண்டு இடத்தில் மேடு போட்டு, தண்ணீரைப் பாறைப் பக்கம் திருப்பினோம். திருப்புவதற்குமுன் பெரியவரிடம் கேட்டுக்கொண்டோம். நம் சரிவைக் காப்பாற்ற அவர் வீட்டுக்குள் தண்ணீர் விடக்கூடாது அல்லவா.

முதல் மழை இரவில் வந்தது. சின்ன மழைதான். காலையில் மேலே போய்ப் பார்த்தபோது ஓடையில் மைபோலக் கறுப்புத் தண்ணீர். மட்டம் பார்த்து வைத்த கட்டைகளின் மேல்பக்கம் ஒரு விரல் அளவு வண்டல் படிந்திருந்தது. அந்த மூன்று கட்டைகளோ, தண்ணீரைத் தடுக்காமல் வாய்க்கால் மாதிரி ஒரு முனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தன. அங்கிருந்து கீழே முழங்கால் ஆழத்துக்கு ஒரு புது வெட்டு. ஒன்றுமே வைக்காமல் விட்டிருந்தால்கூட இவ்வளவு ஆகியிருக்காது. என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. ரசமட்டத்தை மட்டும் கையில் கொண்டுவந்திருந்தாள்.

வைக்கோல் போட்ட இடத்தில் என்ன நடந்தது என்று தேடவேண்டியிருந்தது, ஏனென்றால் ஒன்றும் நடக்கவில்லை. வைக்கோல் தரையோடு படிந்து கிடந்தது. அடியில் மண் சாம்பலோடு அப்படியே இருந்தது.

அடுத்த மாதத்துப் பெருமழைக்கு நாங்கள் வீட்டில் இல்லை. எரிந்த செங்குத்துச் சரிவில் ஆபத்து நாள் முழுக்கப் பெய்யும் மழையால் மட்டும் வருவதில்லை. பதினைந்து நிமிஷம் கொட்டித் தீர்க்கும் மழையே போதும், மண்ணும் பாறையும் மரமும் சேர்ந்து குழம்பாக இறங்கிவிடும். அது கிளம்பிவிட்டால் என் கட்டையும் வைக்கோலும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. எச்சரிக்கை வந்த அன்று மாலையே பையை எடுத்துக்கொண்டு தெரிந்தவர் வீட்டுக்குப் போய்விட்டோம். மறுநாள் திரும்பியபோது, மணல்மூட்டை அடுக்கியிருந்த வாசல்பக்கம் ஒரு சாண் சேறு. ஓடையில் இரண்டு கல் தடுப்புகள் சரிந்திருந்தன. மற்ற மூன்றும் தலைவரை வண்டல் நிரம்பி நின்றன. சரிவு இருந்த இடத்தில் இருந்தது.

ஒரு பகுதியில் புல்விதை தூவிப் பார்த்தேன். பாதிக்குமேல் மழையோடு கீழே வந்து வாசலில் முளைத்தது. அதேசமயம் செத்துவிட்டதென்று நான் நினைத்த புதர்களின் அடிக்கிழங்கிலிருந்து, யாரும் கேட்காமலே, தளிர் வந்துகொண்டிருந்தது. தீயின் சூடு பட்டால்தான் உறை உடைந்து முளைக்கும் விதைகளும் உண்டு. அவையும் வைக்கோலுக்கு நடுவே தலைநீட்டின. பிறகு விதை தூவவில்லை. கீழ் விளிம்பில் மட்டும் சம உயரக் கோட்டில் வெட்டிவேரை நெருக்கமாக ஒரு வரிசை நட்டிருக்கிறேன். அது பக்கவாட்டில் படராது, நேராகக் கீழே இறங்கும். நல்ல நிலத்தில் 2, 3 மீட்டர் ஆழம் வரை போகும்.

இது இரண்டாம் ஆண்டு. வைக்கோல் மக்கி மெலிந்துவிட்டது, சரிவில் பாதிக்குமேல் பச்சை. சொட்டு விட்டுப் பார்த்தால் பெரும்பாலான இடங்களில் மண் குடித்துவிடுகிறது. பழைய வேர்கள் மக்கிக்கொண்டிருக்கும், புது வேர் இன்னும் ஆழம் போகாத காலம் இனிமேல்தான். அதனால் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் மேலே ஏறி, தரையில் புது விரிசல் ஏதும் இருக்கிறதா, நிற்கும் மரம் ஏதும் சாய்ந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். அந்த மூன்று கட்டைகளில் இரண்டைத் தோண்டியெடுத்து மட்டம் பார்த்து வைத்தாயிற்று. மூன்றாவது, வெட்டுக்கு மேலேயே இருப்பது, இந்த வாரக் கடைசியில்.