ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாமா வீடு

பட்டர்வொர்த்திலிருந்து சுங்கை பட்டாணிக்கு மூடா ஆற்றைத் தாண்டித்தான் போக வேண்டும். பாலத்துக்கு இந்தப் பக்கம் மலேசியாவின் பினாங்கு மாநிலம், அந்தப் பக்கம் கெடா மாநிலம். போன வாரம் மாமா வீட்டில் உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டார்: "உங்க வீட்டுக் குழாயில வர்றதே எங்க தண்ணிதான். காசு கொடுங்கடா!"

பாதி நியாயம்தான். பினாங்கின் தண்ணீரில் சுமார் 80 விழுக்காடு மூடா ஆற்று நீர். அது ஊறுவதோ கெடாவின் உலு மூடா காட்டில். மரத்தை வெட்டாமல் வைத்திருந்தால் கெடாவுக்கு வருமானம் போகிறது, அதனால் இழப்பீடு கேட்கிறது. எங்கள் கரையில் ஓடும் ஆற்றில் நாங்கள் இறைக்கிறோம், எதற்குக் காசு என்கிறது பினாங்கு.

இதில் ஒரு வேடிக்கை. மூடா அணையில் தேங்கும் தண்ணீர் சுரங்கம் வழியாகப் பெடு அணைக்குப் போய், நெல்வயலுக்குப் பாய்கிறது. கோடையில் கீழே ஆறு வற்றாமல் காப்பது, கெடாவின் சிக் பக்கம் 2004இல் கட்டி முடித்த பெரிஸ் அணை. அணையைத் திறப்பது கெடாவில், குழாயைத் திறப்பது என் வீட்டில்!

காட்டைக் காக்கும் செலவைக் கூட்டரசு (மத்திய அரசு) கொடுக்கட்டும் என்பது என் வாதம். மாமாவிடம் சொன்னேன்.

"அதெல்லாம் சரி, காசு எங்கே?" என்றார்.