பொடக்காலியும் கிளாஸ்கோ கவிஞரும்

ஆறாவது படிக்கும்போது கட்டுரையில் 'பொடக்காலியில் முருங்கை மரம் இருக்கிறது' என்று எழுதினேன். சிவப்பு மையில் சுழித்து, மேலே 'புழக்கடை' என்று திருத்திக் கொடுத்தார்கள். கோபிப் பக்கம் எங்கள் ஊரில் யாரும் புழக்கடை என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. அன்றோடு, சொந்தபந்தத்தைச் சொல்லும் 'ஒறம்பரை'யையும் நோட்டில் எழுதுவதை விட்டுவிட்டேன், வாயில் மட்டும் இருந்தது.

ஸ்காட்லாந்துக் கவிஞர் எட்வின் மார்கனைப் படிக்கும்போது அந்தச் சிவப்பு மைதான் கண்ணில் வந்து நின்றது. 1920இல் கிளாஸ்கோவில் பிறந்து 2010இல் அங்கேயே மறைந்தவர். போர்க்காலத்தில் ராணுவ மருத்துவப் பிரிவில் எகிப்து, லெபனான் என்று போனது போக, பெரும்பாலும் அந்த ஊர்தான். அங்குள்ள பல்கலைக்கழகத்திலேயே 1980 வரை ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். பழைய ஆங்கிலக் காவியமான பேவுல்ஃபை 1952லேயே மொழிபெயர்த்துவிட்டார். ஆனால் ரஷ்யக் கவிஞர் மயகோவ்ஸ்கியைக் கொண்டுவரும்போது ஆங்கிலத்தை ஒதுக்கிவிட்டு, ஸ்காட்லாந்து மக்களின் ஸ்காட்ஸ் பேச்சில் எழுதினார், 1972இல் புத்தகமாக வந்தது. அந்தக் கவிஞரின் துள்ளலுக்கும் நையாண்டிக்கும் தன் ஊர்ப் பேச்சுதான் தோது என்று நம்பினார். அப்புறம் 1992இல், பெரிய மூக்குக்காரன் சிரானோவைப் பற்றிய பிரெஞ்சு நாடகத்தை அவர் அப்படியே கிளாஸ்கோக்காரர் பேச்சில், எதுகையோடு மொழிபெயர்க்க, மேடையேற்றினார்கள்.

ஆணும் ஆணும் உறவு கொள்வது 1980 வரை அங்கே சட்டப்படி குற்றம். தான் தன்பாலின ஈர்ப்பாளர் என்று அவர் வெளியே சொன்னபோது வயது 70. காதல் கவிதைகளில் அவ்வளவு காலமும் எவ்வளவு பொத்திவைத்து எழுதியிருப்பார் என்று நினைத்தால் மனசு கனக்கிறது. 2004இல் ஸ்காட்லாந்தின் முதல் தேசியக் கவிஞர் ஆனார். அந்த வருடமே நாடாளுமன்றக் கட்டடத் திறப்புக்குக் கவிதை எழுதினார், உடம்பு முடியாததால் கவிஞர் லிஸ் லாக்ஹெட் வாசித்தார்.

நமக்கும் ஆர். சண்முகசுந்தரம் 1942லேயே 'நாகம்மாள்' நாவலில் கொங்குப் பேச்சை எழுதிக் காட்டிவிட்டார். சரி, கதைக்குள் வந்த பேச்சு மொழிபெயர்ப்புக்குள் வர மட்டும் ஏன் இன்னும் கூச்சப்படுகிறது? ரஷ்யக் குடியானவனும் பாரிஸ் சீமாட்டியும் தமிழில் ஒரே மாதிரிதான் பேசுகிறார்கள், எனக்கு அது பெரிய குறையாகவே படுகிறது.

போன வாரம் சிரானோ தன் மூக்கைப் பற்றிப் பேசும் இடத்தை என் போக்கில், எங்கள் பேச்சில் எழுதிப் பார்த்தேன். 'ஏனுங்க, மழ வந்தா ஒறம்பரையோட வந்து ஒதுங்கிக்கலாமுங்களா?' என்று ஒரு வரி. கட்டுத்தரையில் மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்த அமுச்சியிடம் (அம்மாவின் அம்மா) வாசித்துக் காட்டினேன். கையில் இருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அந்தத் தம்பி எந்தூருக் கண்ணு, நம்ம பக்கமா?"