கேலியா, பிரியமா?

பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் சூராவின் ‘பவுடர் பூசும் இளம்பெண்’ ஓவியத்தை வகுப்பில் நடத்தியபோது ஒரு மாணவி கேட்டாள்: "சார், இவர் அவளைக் கிண்டல் பண்றாரா?" இல்லை என்றேன். அந்த ‘இல்லை’ இன்னும் உறுத்துகிறது.

கேட்டதில் நியாயம் இருந்தது. பருத்த உடம்பு, இடுப்பை இறுக்கிப் பிடிக்கும் கார்செட் உள்ளாடை, எதிரே பொம்மை போல ஒரு குட்டி மேசை. ஆனால் படத்தில் இருப்பவள் மதலேன் நோப்லோக். சூராவோடு வாழ்ந்தவள், 1890 பிப்ரவரியில் அவருக்கு மகனைப் பெற்றவள். அடுத்த ஆண்டு மார்ச்சில், 31 வயதில், சூரா சாகும் தறுவாயில்தான் அவர் வீட்டாருக்கே இந்த உறவு தெரியவந்தது.

இடது மேல்மூலையில் ஒரு சட்டம், அதற்குள் பூச்சாடி. அந்தப் பூக்களுக்கு அடியில் ஓர் ஆணின் முகம் இருப்பதை எக்ஸ்ரேயும் அகச்சிவப்புப் படமும் காட்டின. அது சூராவேதான் என்கிறார்கள். அதைத்தான் அன்று ஆதாரமாக வைத்தேன். தன்னையும் அவளோடு வரைந்தவர் கேலி செய்வாரா? ஆனால் வரைந்த முகத்தை மூடியவரும் அவரே. அவளைக் காக்கவா, தான் ஒதுங்கிக்கொள்ளவா?

சூரா சின்னச் சின்ன வண்ணப் புள்ளிகளை வைத்தே வரைந்தவர். பாடத்தை அந்தப் புள்ளிகளிலிருந்து தொடங்கியிருக்கலாம். மொத்தப் படத்தையும் திரையில் போட்டால் புள்ளிகள் கலங்கிச் சாம்பலாகிவிடும். தோள்பட்டையை மட்டும் பெரிதாக்க வேண்டும். தோலில் இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, நிழலில் நீலம். எதிர்நிறங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் ஒன்றையொன்று தூக்கிக்காட்டும் என்று பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரல் 1839இலேயே எழுதிவிட்டார். லண்டன் கோர்ட்டால்ட் காலரியில் உள்ள அசல் 95.5 × 79.5 செ.மீ.தான், ஆனாலும் சில அடி பின்னால் போனால்தான் தோல் தோலாகத் தெரியும். அத்தனை புள்ளியையும் ஒவ்வொன்றாக வைத்த கையில் கேலி தங்குமா என்று கேட்கத் தோன்றும். ஆனால் படத்திலுள்ள சுவருக்கும் அதே பொறுமைதான். பொறுமை அவருடைய முறை. அதைப் பிரியத்துக்குச் சாட்சியாக்க முடியாது.

இப்போது மறைந்த முகத்தைக் கடைசியில்தான் சொல்கிறேன். சொன்னவுடன் வகுப்பே ‘காதல்தான்’ என்று முடிவுகட்டிவிடுகிறது; அந்தக் குட்டி மேசையை அப்புறம் யாரும் பார்ப்பதில்லை. அந்த மாணவி அதைப் பார்த்துத்தான் கேட்டாள்.