'பால் வரும்வரை கொஞ்சம் பவுடர் கொடுப்போம்'

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்தான் என்று கர்ப்பமாக இருக்கும்போதே முடிவு செய்திருந்தேன். மருத்துவமனைச் சுவரிலும் அதையேதான் ஒட்டியிருந்தார்கள். அங்கே யாரும் தாய்ப்பாலுக்கு எதிரி கிடையாது. ஆனாலும் எனக்கு வந்த தடைகளில் பெரும்பாலானவை அங்கே வேலை பார்த்தவர்களிடமிருந்துதான் வந்தன.

எனக்கு சிசேரியன். குழந்தையை ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. முதுகில் ஊசி போட்டுச் செய்கிற சிசேரியனில் தாய் விழித்தேதான் இருப்பார், அதனால் அங்கேயும் இது முடியும். என்னிடம் முகத்தைக் காட்டிவிட்டு எடுத்துப் போய்விட்டார்கள். எடை பார்ப்பது, படிவம் நிரப்புவது எல்லாம் கொஞ்சம் பொறுத்திருக்கலாம். திரும்பி வந்தபோது குழந்தை நல்ல தூக்கத்தில் இருந்தது. பாட்டிலில் ஃபார்முலா, அதாவது குழந்தைகளுக்கான பால் பவுடரைக் கரைத்து, கொடுத்தாயிற்றாம். "உங்களுக்கு இன்னும் பால் வரலையேம்மா, அதுவரைக்கும்தான்" என்றார் நர்ஸ். அன்பாகத்தான் சொன்னார்.

முதலில் வருவது சீம்பால். ஒரு வேளைக்குச் சில மில்லிதான் இருக்கும், பிறந்த குழந்தையின் வயிற்றுக்கு அது போதும். பால் நிறைந்து வரப் பொதுவாக 2 முதல் 4 நாள் ஆகும், சிசேரியனில் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போகலாம். அதுவரை குழந்தை அடிக்கடி சப்ப வேண்டும், சப்பினால்தான் சுரப்பு கூடும். வயிறு நிறைய ஃபார்முலா குடித்துத் தூங்குகிற குழந்தை எப்படிச் சப்பும்? பால் போதாது என்று பாட்டில் கொடுத்து, அந்தப் பாட்டிலாலேயே பால் போதாமல் போகிறது.

அடுத்து எடை. குறைந்துவிட்டது, ஃபார்முலாவைக் கூட்டுங்கள் என்றார் டியூட்டி டாக்டர். முதல் சில நாட்களில் எடை குறைவது இயல்பு. 10 சதவீதத்தை நெருங்கினால் கவனமாகப் பார்க்க வேண்டும்தான். ஆனால் பிரசவ நேரத்தில் தாய்க்கு நிறைய டிரிப்ஸ் ஏற்றியிருந்தால் குழந்தையின் பிறந்த எடையே சற்றுக் கூடுதலாகக் காட்டலாம் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். இரத்தத்தில் சர்க்கரை குறைவது போன்ற உண்மையான காரணங்கள் உண்டு, அப்போது ஃபார்முலா தேவைப்படலாம், அதில் எனக்கு வாதமே இல்லை. எனக்கு ஒரு காரணமும் சொல்லப்படவில்லை. நான் பால் கொடுப்பதை ஒருவரும் உட்கார்ந்து பார்க்கவும் இல்லை.

ஷிஃப்ட்டுக்கு ஒரு அறிவுரை வேறு. ஒருவர் பக்கத்துக்குப் பத்து நிமிடம், மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை என்றார். இன்னொருவர் கேட்கும்போதெல்லாம் கொடு என்றார் (அவர் சொன்னதுதான் சரி, ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை சாதாரணம்). மூன்றாமவர் குழந்தையின் தலையைப் பிடித்து மார்பில் அழுத்தினார். அது முதுகை வளைத்துக் கத்தியது. காம்பு வெடித்தது எனக்கு. டிஸ்சார்ஜ் பையில் இலவச ஃபார்முலா டப்பா ஒன்று இருந்தது. 1981-லேயே வந்த சர்வதேச விதிமுறை இப்படித் தாய்மார்களுக்கு மாதிரி டப்பா கொடுக்கக் கூடாது என்கிறது.

அப்புறம் ஒரு தாய்ப்பால் ஆலோசகரைப் பார்த்தேன். அவர் முதலில் எதுவும் பேசவில்லை, ஒரு வேளை முழுக்கக் குழந்தை குடிப்பதைப் பார்த்தார். காம்பை மட்டும் கவ்வுகிறது என்றார். என்னைச் சாய்ந்து உட்காரவைத்து, குழந்தையை என்மேல் கிடத்தி, அது வாயை அகலத் திறக்கும்வரை காத்திருக்கச் சொன்னார். மோவாய் மார்பில் பதிந்தது. வலி குறைந்தது. ஃபார்முலாவைச் சட்டென நிறுத்த அவர் விடவில்லை. எடையைப் பார்த்துப் பார்த்துக் குறைத்தோம், தேவைப்பட்டபோது பீய்ச்சிய பாலைச் சின்னக் கிண்ணத்தில் கொடுத்தோம். முதல் வாரம் தாண்டினால் நாளுக்கு ஆறு துணியாவது நன்றாக நனைய வேண்டும், அதை எண்ணு என்றார். குழந்தை பிறந்த எடையைத் தாண்டிய பிறகு டப்பாவை மூடினேன்.

அதோடு முடியவில்லை. பல் பிடுங்கப் போனேன், மரத்துப்போகும் ஊசி போட்டதால் ஒரு நாள் பாலைப் பீய்ச்சிக் கொட்டச் சொன்னார் பல் மருத்துவர். குழந்தை மருத்துவரிடம் கேட்டேன். அந்த மரத்துப்போகும் மருந்தான லிக்னோகெய்னுக்குப் பாலைக் கொட்டத் தேவையே இல்லை என்றார். வீட்டுக்கு வந்ததும் கொடுத்துவிட்டேன்.

பிரசவத்துக்குப் போகிறவர்களுக்கு: நம்மைக் கேட்காமல் ஃபார்முலா கொடுக்க வேண்டாம் என்று கேஸ் ஷீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். கொடுக்கத்தான் வேண்டும் என்றால் என்ன காரணம், எவ்வளவு, எப்போது நிறுத்துவது என்று கேளுங்கள். கூட இருப்பவரிடமும் இதைச் சொல்லி வையுங்கள், ஆபரேஷன் முடிந்த அசதியில் நமக்குக் கேட்கத் தெம்பு இருக்காது.