எக்ஸ்டென்ஷன் எத்தனை மாசம்?

சோழிங்கநல்லூர் சிக்னல் பக்கம் காண்ட்ராக்டில் வேலை பார்க்கும் யாரிடமாவது பொருளாதாரம் எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ஜிடிபி, பணவீக்கம் எதுவும் பதிலில் வராது. "இந்தத் தடவை மூணு மாசம்தான் குடுத்திருக்காங்க" என்று வரும். எக்ஸ்டென்ஷன், அதாவது காண்ட்ராக்ட் நீட்டிப்பு, ஒரு வருஷத்துக்கு வந்தால் நிலவரம் அமோகம். ஆறு மாசம் என்றால் பரவாயில்லை. மூணு மாசம் என்றால் வேலை தேடும் நௌக்ரி தளத்தில் ரெஸ்யூமேயைப் புதுப்பிக்க வேண்டியதுதான். மாசாமாசம் நீட்டிக்கிறார்கள் என்றால், கிளையண்ட் பக்கம் யாரோ ஒரு மேனேஜர் எங்களுக்காக மேலிடத்தில் மன்றாடிக்கொண்டிருக்கிறார் என்று புரிந்துகொள்வோம்.

நான் இருப்பது சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில். குழந்தைக்காக வேலையை விட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது, பர்மனென்ட் வேலைக்கு இன்டர்வியூ எடுத்த எல்லோரும் நடுவில் விட்டுப்போன வருஷங்களையே கிளறிக்கொண்டிருந்தார்கள். காண்ட்ராக்டுக்கு எடுத்தவர்கள் கேட்டது ஒன்றுதான்: "திங்கட்கிழமை சேர முடியுமா மேடம்?" அந்த நன்றி இன்னும் இருக்கிறது. அதனால் இதை யாரும் ஒப்பாரியாகப் படிக்க வேண்டாம்.

விவரம் தெரியாதவர்களுக்கு: நான் தினமும் போய் உட்காருவது ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் சென்னை அலுவலகம்; அதுதான் கிளையண்ட். சம்பளம் போடுவது வெண்டர் என்கிற, ஆள் அனுப்பும் வேறொரு நிறுவனம். கிளையண்ட் மணிக்கணக்குப் பார்த்து வெண்டருக்குக் கொடுப்பதில் அவர்கள் பங்கு போக மீதி எனக்கு மாசச் சம்பளமாக வருகிறது. பி.எஃப். உண்டு, ஃபார்ம் 16 உண்டு. ஆனால் ஹோம் லோனுக்குப் போனால் வங்கிக்காரர் கம்பெனிப் பட்டியலில் வெண்டர் பெயரைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, "நீங்க வேலை பாக்குற கம்பெனி பேர்ல ஒரு லெட்டர் கிடைக்குமா?" என்பார். கிடைக்காது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வரிசையில் எல்லா ஸ்கிரீனிலும் டைம்ஷீட்தான் திறந்திருக்கும். நாளுக்கு ஒன்றாக ஐந்து கட்டங்கள், கட்டத்துக்கு 8 மணி நேரம். அப்ரூவ் செய்ய வேண்டிய மேனேஜர் லீவில் இருந்தால், அவருக்கு மேலே இருப்பவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். அப்ரூவ் ஆகாத வாரத்துக்கு பில் போகாது. டிசம்பர் கடைசியில் ஃபர்லோ என்று ஒரு கட்டாய விடுப்பு வரும். பர்மனென்ட்காரர்கள் அந்த வாரம் ஏற்காட்டுக்கோ மூணாறுக்கோ போவார்கள். எங்கள் கட்டங்களில் 0 விழும். மிச்சமிருக்கும் லீவை எடுத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் சம்பளம் பிடிபடும். அந்த வருஷம் கிளையண்டுக்கு எவ்வளவு லாபம் என்ற ஆண்டறிக்கையை விட, ஃபர்லோ எத்தனை நாள் என்கிற மெயில் எங்களுக்கு அதிகம் சொல்லும்.

இத்தனை வருஷம் பார்த்ததில் எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. வியாபாரம் நன்றாக இருந்தால் காண்ட்ராக்ட் வேலையும் பெருகும் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. 2021, 2022-ல் ஐ.டி. நிறுவனங்கள் ஆள் கிடைக்காமல் அலைந்த காலத்தில், என்னோடு இருந்தவர்களை வரிசையாகப் பர்மனென்ட்டாக அள்ளிக்கொண்டு போனார்கள். காண்ட்ராக்டுக்கு ஆள் தேடிய வெண்டர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். அடுத்த வருஷம் நிலைமை தலைகீழ். புது ஆள் எடுக்கத் தடை. ஆனால் வேலை நிற்கவில்லையே. காண்ட்ராக்ட் செலவு ஆள் கணக்கில் வராது, பிராஜெக்ட் செலவில் போய்விடும். அதனால் எங்களுக்கு அழைப்பு வந்தது. இதற்கும் முன்னால், 2020 மார்ச் ஊரடங்கில் பயம் முற்றியபோது, வேலை முடிந்தது என்ற முதல் மெயில் வந்ததும் எங்களுக்குத்தான். ஆக, முதலாளிக்குத் தைரியம் வந்தால் பர்மனென்ட் எடுக்கிறார். குலைநடுக்கம் வந்தால் யாரையும் வைத்துக்கொள்வதில்லை. நாங்கள் பிழைப்பது இரண்டுக்கும் நடுவில், அவருக்கு அளவான பயம் இருக்கும் காலத்தில். பொருளாதாரம் அமோகம் என்று செய்தி வந்தால் முழுசாகச் சந்தோஷப்பட முடியாத ஒரே கூட்டம் நாங்களாகத்தான் இருக்கும்.

ரிசர்வ் வங்கி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நகரங்களில் நுகர்வோர் நம்பிக்கை பற்றிக் கருத்துக் கேட்கிறது. சென்னையும் அந்தப் பட்டியலில் உண்டு. இப்போது எப்படி என்பதற்கு ஒரு குறியீடு, ஒரு வருஷம் கழித்து எப்படி இருக்கும் என்பதற்கு இன்னொன்று. 100-க்கு மேல் என்றால் நம்பிக்கை, கீழே என்றால் அவநம்பிக்கை. கொரோனா இரண்டாம் அலை அடித்த 2021 மே மாதத்தில் முதல் குறியீடு 50-க்கும் கீழே போனது. அப்போதும் இரண்டாவது அதைவிட வெகு உயரத்தில்தான் இருந்தது. இப்ப மோசம், போகப்போகச் சரியாயிடும் என்பது பொது ஜனத்தின் மனசு. எங்கள் ஆட்களிடம் அதே இரண்டு கேள்வியைக் கேட்டால் விடை தலைகீழாகிவிடும். இப்ப ஓகே. அடுத்த வருஷத்தைப் பத்தி மட்டும் கேக்காதீங்க.

அடுத்த வருஷம் என்றதும் பேச்சு ஏ.ஐ. பக்கம் போகும். என் வேலையில் அதை நேரிலேயே பார்க்கிறேன். முன்பு இரண்டு பேர் உட்கார்ந்து எழுதிய டெஸ்ட் கேஸ்களை அது டீ குடித்துவிட்டு வருவதற்குள் எழுதிக் கொடுக்கிறது. அதில் எது உதவாது என்று பிரித்தெடுக்க நான் தேவைப்படுகிறேன். ஏ.ஐ. இதுவரை என் வேலையைப் பறிக்கவில்லை. அது பறித்தது மேனேஜரின் துணிச்சலை. அடுத்த ஜூனில் இந்த டீமுக்கு எத்தனை பேர் வேண்டும் என்று அவருக்கே தெரியாதபோது, எனக்கு எப்படி ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுவார்? வேலை குறைவதற்கு முன்னாலேயே காண்ட்ராக்ட் காலம் குறைந்துவிடுகிறது.

2025 செப்டம்பரில் அமெரிக்கா அங்கே போய் வேலை பார்ப்பதற்கான புது எச்-1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்த வாரம், கேன்டீனில் டீம் தம்பி ஒருவனுக்கு ஒரே உற்சாகம்.

"அக்கா, இனிமே அங்க ஆளக் கூட்டிட்டுப் போறது கட்டுப்படியாகாது. வேலையெல்லாம் இங்கதான் வரும், பாருங்க."

"வரட்டும்டா. எத்தன மாசத்துக்கு வருதுன்னு மட்டும் பாத்துச் சொல்லு."

சிரித்தான். அவனுக்கும் அப்போது மூணு மாசம்தான்.

சட்டம் எங்களுக்கு எவ்வளவு துணை என்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1981-லேயே சட்டம் வந்துவிட்டது. ஐ.டி. கம்பெனிகள் வரிசையாக நிற்கும் ஓ.எம்.ஆரில் அதைக் கையில் எடுத்துக்கொண்டு போய் நின்ற எவரையும் நான் பார்த்ததில்லை. 2025 நவம்பர் 21 அன்று மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அமலுக்கு வந்தபோது எங்கள் வாட்ஸ்அப் குழு ஒரே அமளி. குறித்த காலத்துக்கு எடுக்கப்படும் ஊழியருக்கு ஐந்து வருஷம் காத்திருக்காமல் ஒரு வருஷத்திலேயே கிராஜுவிட்டி (பணிக்கொடை) என்ற வரியை ஆளுக்கு ஆள் ஃபார்வேர்ட் செய்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் மூணு மூணு மாசமாக வெண்டர் மாற்றி வெண்டரில் ஓடுகிறவருக்கு அந்த ஒரு வருஷம் யாரிடம் முடியும்?

என்னைக் கேட்டால், எங்களுக்கு நம்பிக்கை வர நாட்டின் வளர்ச்சி விகிதம் ஏற வேண்டியதில்லை. ஆஃபர் லெட்டரின் ஐந்தாம் பக்கத்தில் இருக்கும் நோட்டீஸ் வரியைத் திருத்தினால் போதும். நான் விலக வேண்டுமென்றால் 60 நாள் முன்னால் சொல்ல வேண்டும். கிளையண்ட் என்னை வேண்டாம் என்றால் ஒரு வாரம். கடந்த முறை புதுப்பிக்க வந்தபோது வெண்டரின் ஹெச்.ஆர். பெண்ணிடம் இதைக் கேட்டேன்.

"மேடம், அது டெம்ப்ளேட். எல்லாருக்கும் அதான்."

"டெம்ப்ளேட்டை யாரும்மா மாத்தலாம்?"

"லீகல்ல கேக்கணும் மேடம்."

"கேட்டுட்டுச் சொல்லுங்க, அப்புறம் சைன் பண்றேன்."

கையெழுத்துப் போடாமல் கொஞ்ச நாள் இழுத்ததும், என் பக்கத்து 60 நாள் 30 ஆகத் திரும்பி வந்தது. அவர்கள் பக்கம் அதே ஒரு வாரம்தான். முதலில் கேட்டால்தானே குறையும் என்று பக்கத்து சீட்காரர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் அவர்களில் இரண்டு பேருக்குப் புதுப்பிக்க வருகிறது. அந்த ஐந்தாம் பக்கத்தைக் கேட்காமல் கையெழுத்துப் போட மாட்டோம் என்றிருக்கிறார்கள்.