செயின்ட் கிராஸ் அறச்சாலையின் வாயிற்கோபுரம்

மே 6

இங்கிலாந்தின் வின்செஸ்டர் நகருக்குத் தெற்கே, இட்சன் ஆற்றங்கரைப் புல்வெளிகளை ஒட்டி இந்த அறச்சாலை நிற்கிறது. இங்கிலாந்தை வென்று அரசரான வெற்றிவீரர் வில்லியமின் பேரனான ஆயர் ஹென்றி ஆஃப் புளுவா, 1130களில் இதை நிறுவினார். ஏழை ஆண்கள் 13 பேர் இங்கேயே தங்க வேண்டும், மேலும் 100 பேருக்கு நாள்தோறும் உணவளிக்க வேண்டும் என்பது அவர் வகுத்த ஏற்பாடு. உள்முற்றத்துக்கு இட்டுச்செல்லும் வாயிற்கோபுரமோ முந்நூறு ஆண்டுகளுக்குப் பிற்பட்டது. பின்னாளில் வின்செஸ்டரின் ஆயராக இருந்த கர்தினால் ஹென்றி போஃபோர்ட்டின் பெயரைத் தாங்கியது.

மே 7

வடக்கு நோக்கிய முகப்பு என்பதால் நடுப்பகலிலும் நேர்வெயில் படுவதில்லை. செதுக்கல்களைக் காணக் கண் சற்றுப் பழக வேண்டும். வளைவுக்கு மேலே மூன்று மாடங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றில் போஃபோர்ட் மண்டியிட்டிருக்கிறார். இங்கிலாந்தின் அரசர்களுக்கே கடன் கொடுத்த செல்வந்தரைச் சிற்பி தொழும் கோலத்தில் நிறுத்தியிருப்பது என்னை நெடுநேரம் கட்டிப்போட்டது.

ஆனால் அவரைச் சூழ்ந்த அலங்காரத்தில் பணிவைக் காணோம். வளைவின் இரு தோள்களிலும் கேடயச் சின்னங்கள் இருக்கின்றன. மேல்விளிம்பில் வரிசையாக உள்ள முகங்களில் அவருடைய தந்தையும் அரசர் மூன்றாம் எட்வர்டின் மகனுமான ஜான் ஆஃப் காண்ட், தாய் கேத்தரின் ஸ்வின்ஃபோர்டு ஆகியோரை அடையாளம் காட்டுவது வழக்கம். பெற்றோருக்கு மணமாகும் முன்பே பிறந்த போஃபோர்ட் உடன்பிறப்புகளை 1397இல்தான் நாடாளுமன்றம் முறையான வாரிசுகளாக ஏற்றது. அவர்களுக்கு அரியணை உரிமை இல்லை என்று தந்தையின் முதல் மனைவிக்குப் பிறந்த அண்ணனான அரசர் நான்காம் ஹென்றி 1407இல் வரையறுத்தார். இத்தகைய குடும்பத்தின் மகன் ஒருவர், ஏழைகள் நுழையும் வாசலிலேயே தம் பிறப்பின் பெருமையைக் கல்லில் நாட்டியிருக்கிறார் என்றே நான் கொள்கிறேன்.

மே 9

போஃபோர்ட் 1445இல் இங்கே ‘உயர்குடி வறியோர்’ என்னும் இரண்டாம் பிரிவையும் ஏற்படுத்தினார். வாழ்ந்து கெட்ட குடும்பத்தினருக்கானது அது. இன்றும் புளுவாவின் அறத்தைச் சார்ந்த சகோதரர்கள் வெள்ளிச் சிலுவை பதித்த கறுப்பு அங்கியையும், போஃபோர்ட் பிரிவினர் செவ்வண்ண அங்கியையும் அணிகின்றனர். 1461இல் போஃபோர்ட் குடும்பத்துக்குப் பகையான யார்க் அரச குலத்தார் ஆட்சியைக் கைப்பற்றியதும் அவருடைய கொடையின் பெரும்பகுதி கைவிட்டுப் போயிற்று. வாயிற்கோபுரமோ நிலைத்து நின்றது. அதன் அடியிலுள்ள காவலர் அறையில், கேட்கும் வழிப்போக்கருக்குக் கொம்புக் குவளையில் சிறிது பீரும் ஒரு துண்டு ரொட்டியும் இன்றும் கொடுக்கிறார்கள். பெறுபவரின் குலத்தை அங்கே யாரும் விசாரிப்பதில்லை.